மூணு மில்லி ஓட்டை

இந்தப் பொன்னாடையவா அண்ணாச்சி பாக்கீங்க? நல்லா பாருங்க. மினுங்குதுல்லா, அவ்வளவும் பிளாஸ்டிக்கு. கழுத்துல அரை மணி நேரம் கெடந்துச்சு, இன்னும் அரிக்கி. உங்க வீட்டுல டிவிப் பெட்டிய மூட வேணும்னா எடுத்துக்கிடுங்க. வேண்டாமா? சரி விடுங்க. அந்தப் பையில மட்டும் காலு படாமப் பாத்துக்கிடுங்க, உள்ள கேடயம் இருக்கு, கண்ணாடி. 'வாழ்நாள் சாதனையாளர்'னு எழுதிக் குடுத்திருக்கானுவ. எனக்கு வயசு அம்பத்திரெண்டு. அதுக்குள்ள என் வாழ்நாள முடிச்சு வச்சிட்டானுவ.

அந்த இன்ஜினியரிங் காலேஜுக்குத்தான் போயிட்டு வாரேன். நான் ஏறுனேனே, அந்த ஸ்டாப்புதான். வாசல்ல ராக்கெட்டு படம் போட்டு பேனர் கட்டியிருந்துச்சே, பாத்தீங்களா? அந்த ராக்கெட்டு நான் செஞ்சது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். தூத்துக்குடி வரைக்கும் போறீங்கல்லா? அப்பம் கேளுங்க. யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும்.

என் பேரு ரெமிஜியுஸ். திரேஸ்புரத்துல ஃபைபர் பட்டறை. வள்ளம் கட்டுதேன், பழைய வள்ளத்துக்குப் பழுது பாக்கேன். இருபத்தாறு வருசம். ஒரு வள்ளத்துல அஞ்சு பேரு கடலுக்குப் போறாவ, அஞ்சு உசுரும் நான் ஒட்டுன ஒட்டு மேலதான் உக்காந்திருக்கு. ரெமி மேஸ்திரி கட்டுன வள்ளம் ஒழுகுச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், மீசைய எடுத்துருதேன்.

அப்படிப்பட்டவன்கிட்ட ஒருநா காலேஜ் வேன் வந்து நிக்கி. முதல்ல இறங்குனது தங்கமாரியப்பன். ஹெச்.ஓ.டியாம். கழுத்துல ஒரு பட்டை, அதுல அட்டை, அட்டையில அவரு மூஞ்சி. வீட்டுல பெஞ்சாதிக்கே காட்டித்தான் உள்ள போவாரோ என்னமோ. அவருக்குப் பின்னால ஆறு பையனுவ, ஒரு பொம்பளப்பிள்ளை. பையனுவ அத்தன பேரும் பட்டறைக்குள்ள கால வச்சதும் மூக்கப் பொத்துனானுவ. ரெசின் நாறுதாம். நாறத்தான செய்யும், பன்னீரா வச்சிருக்கேன்?

"மேஸ்திரி, எங்களுக்கு ஒரு ஹை பவர் மாடல் ராக்கெட் பாடி பண்ணணும், டியூரபிளா"ன்னாரு. நான் அந்தப் பிள்ளையப் பாத்தேன். அவதான் தமிழ்ல சொன்னா. ஒம்பது அடி நீளம், ஆறு இஞ்சு அகலம், மூணு துண்டா கழட்டி மாட்டுற ஒரு குழாய். மேல கூர்மூக்கு, கீழ நாலு ரெக்கை. அடியில மருந்து நெறச்ச மோட்டார் வைப்பாவளாம், அது வெளிய வாங்குறது. தேரிக்காட்டுல வச்சு விட்டா ஒரு கிலோமீட்டர் உசரம் போகணும். உச்சிக்குப் போனதும் உள்ள இருந்து குடை விரிஞ்சு மெள்ள இறங்கணும். போட்டியில ஒரே ராக்கெட்ட ஒரே நாள்ல ரெண்டு தடவ விடணுமாம். அதனால விழுந்தா உடையவே கூடாது.

"ஏற்கெனவே ஒண்ணு செஞ்சோம் மேஸ்திரி. அட்டைக் குழாயில. நல்லாத்தான் போச்சு. குடையும் விரிஞ்சுது. தரையில இறங்கும்போது மூணா உடஞ்சிட்டு"ன்னா.

"குடை விரிச்சும் உடஞ்சுதா?"

"ஆமா மேஸ்திரி."

"அப்பம் அதுக்குப் பேரு ராக்கெட்டு இல்ல பிள்ள, அப்பளம்."

பையனுவளுக்கு முகம் சுருங்கிப்போச்சு. அவ மட்டும் சிரிச்சா. பேரு இசக்கிப்பிரியா. உடன்குடிப் பக்கம், அப்பா மினி பஸ் ஓட்டுதாரு. அவதான் கூட்டத்துக்குத் தலைவி, குடை விரிக்கிற எலெக்ட்ரானிக்ஸ் சாமானும் அவ பொறுப்பு. மத்தவனுவ எல்லாம் என்னை அங்கிள்னானுவ. நான் என்ன உங்க அப்பனுக்குக் கூடப்பொறந்தவனால? அவ மட்டும் மேஸ்திரின்னா. அது போதும் எனக்கு, வேலைய ஒத்துக்கிட்டேன்.

இன்னொண்ணும் சொன்னா, அதைக் கேட்டுக்கிடுங்க. ராக்கெட்டு ஒழுங்கா பறந்தா இவுக வடக்க போட்டிக்குப் போவாவளாம். போட்டிக்குப் போற கூட்டத்துல ரெண்டு பேர பெங்களூர்ல ஒரு கம்பெனி நேரா வேலைக்கு எடுக்குமாம். ராக்கெட்டு கம்பெனி. "எனக்கு அது கெடச்சாப் போதும் மேஸ்திரி, வேற ஒண்ணும் வேண்டாம்"ன்னா. சாமிகிட்ட கேக்க மாதிரி என்கிட்ட சொல்லுதா, பாருங்க.

வேலை ஆரம்பிச்சோம். அண்ணாச்சி, படிச்சவன் எப்படி வேலை செய்வான்னு நீங்க பாத்திருக்கீங்களா? லேப்டாப்ப தொறந்து வச்சு அதுக்குள்ள ராக்கெட்ட சுத்த விடுதான். இடது பக்கம் சுத்துது, வலது பக்கம் சுத்துது. நாலு நாள் சுத்துச்சு. அஞ்சாம் நாள் நான் கேட்டேன், "தம்பி, அது எப்பம்ல வெளிய வரும்?"னு. ஒருத்தன் முறைக்கான். கண்ணாடி நார்த்துணிய கையில தொட்டதுக்கே சொறிஞ்சானுவ பாருங்க, குரங்கு தோத்துப்போகும். ஒருத்தன் டாக்டர்கிட்டயே போயிட்டான். தங்கமாரியப்பன் வாரத்துக்கு ஒருநா வந்து போட்டோ பிடிச்சிட்டுப் போவாரு. குழாய்மேல கைய வச்சு நிப்பாரு, அவரு பெத்த பிள்ளை மாதிரி.

அவ மட்டும் வேலைக்காரி. அதை நான் ஒத்துக்கிடுதேன். கையுறைய மாட்டிக்கிட்டு உப்புத்தாள் போட ஆரம்பிச்சா, மத்தியானம் வரைக்கும் தலைய தூக்க மாட்டா. ஆனா அவகிட்டயும் ஒரு கிறுக்கு. ஒரு குட்டித் தராசு வச்சிருப்பா, எதை ஒட்டுனாலும் முன்னாடி நிறுப்பா, பின்னாடி நிறுப்பா.

"மேஸ்திரி, மூணு சுத்து துணி போதும். அதுக்கு மேல வேண்டாம்."

"மூணு சுத்துல பக்கெட்டுகூட செய்ய மாட்டேன் பிள்ள நான்."

"கனம் கூடுனா உசரம் கொறையும் மேஸ்திரி."

"கொறஞ்சா என்ன? கீழ நிக்கவன் டேப்பு வச்சா அளக்கப் போறான்?"

தங்கமாரியப்பன் அதை ஒரு நோட்டுல எழுதுனாரு. எதுக்கு எழுதுனாருன்னு அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். கடைசியில நாலு சுத்துக்கு ஒத்துக்கிட்டா. அவ இல்லாத நேரம் பாத்து ரெக்கை சேருற மூலையில மட்டும் நான் கொஞ்சம் கூட வச்சேன். ரெசின்ல நார வெட்டிப் போட்டுக் கொழச்சு, கட்டைவிரல் கனத்துக்கு, வள்ளத்துக்கு அடியில நீளமா ஓடுற ஏரா கட்டைக்கு வைக்க மாதிரி. காஞ்சதும் ரெக்கைமேல ஏறி நின்னு காட்டுனேன். எம்பத்திரெண்டு கிலோ நான். ரெக்கை அசையலையே! ஹெச்.ஓ.டி அதையும் வீடியோ எடுத்துட்டாரு. இன்னைக்கு அந்த வீடியோவத்தான் பெரிய திரையில போட்டுக் காட்டுனானுவ.

அண்ணாச்சி, அந்த ஜன்னல கொஞ்சம் ஏத்துங்க. காத்து முகத்துல அடிக்கி, பேச முடியல. ஆங், போதும்.

ராக்கெட்டு விடுறதுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. எல்லாம் முடிஞ்சுது, கடைசி பெயின்ட் மட்டும் பாக்கி. நான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாக்கேன், பட்டறையில ஒருத்தரும் இல்ல. சாமான் எடுக்க காலேஜுக்குப் போயிருக்காவ. நான் பெயின்ட் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு குழாய உருட்டுதேன், நடு வயித்துல ஒரு ஓட்டை.

மூணு மில்லி இருக்கும். இன்னும் கொஞ்சம் உருட்டுனேன், இன்னொண்ணு. அந்தப் பக்கம் இன்னொண்ணு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க. நான் ஒரு மாசம் தேச்சு வச்ச குழாய். ஊசி முனை அளவுக்குக்கூட குமிழி இல்லாம ரோலர் போட்டு உருட்டுன குழாய். நான் சோறு திங்கப் போன நேரத்துல எவனோ டிரில்ல விட்டு மூணு ஓட்டை போட்டு வச்சிருக்கான். எங்க தொழில்ல ஓட்டைன்னா அது கொலைக்குச் சமம் அண்ணாச்சி. வள்ளத்துல ஒரு சின்னப் பொத்தல் இருந்துதுன்னா நாங்க கூலி வாங்க மாட்டோம், தலைய தொங்கப் போட்டுக்கிட்டு நிப்போம். கை சொறிஞ்ச பயலுவள்ல எவனோ ஸ்குரூ போடப் பாத்திருக்கான், முடியல, அப்படியே போட்டுட்டு ஓடிட்டான்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்க? அது எதுக்குன்னு பக்கத்துல ஒரு சீட்டு எழுதி ஒட்டுனானுவளா? இல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானுவளா? லேப்டாப்புல அம்பது அம்புக்குறி போடுதான், குழாய்ல ஒண்ணு போட்டா கை அழுகிருமா?

பட்டியக் கொழச்சேன். மூணையும் அடச்சேன். காய விட்டு, தேச்சு, மேல ரெண்டு கோட்டு பெயின்ட். நீங்க விரல வச்சுத் தடவுனாலும் எங்க இருந்துதுன்னு சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தம். யாருகிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? தப்பு செஞ்சவன் மானத்த மறச்சுக் குடுத்தேன்னு பெருமையாத்தான் இருந்துச்சு எனக்கு.

மறுநா காலையில தேரிக்காடு. செம்மணல்ல பந்தல். கரஸ்பாண்டென்ட் ஒம்பது மணிக்கு வாராருன்னு எட்டு மணியில இருந்தே தங்கமாரியப்பன் வாட்ச பாக்காரு, பிள்ளைய விரட்டுதாரு. "சீக்கிரம், சீக்கிரம், ஐயா வந்துட்டாரு." தேங்கா உடச்சானுவ. எலுமிச்சம்பழத்த நசுக்குனானுவ. ராக்கெட்டுக்குச் சந்தனம், குங்குமம். அந்தப் பிள்ளை கையில ஒரு தாளு, அதுல வரிசையா கட்டம். ஒவ்வொண்ணா பாத்து டிக் அடிக்கணும். ஒரு எடத்துல நின்னா. குழாய்ப் பக்கம் குனியப் போனா. அதுக்குள்ள இவரு "இசக்கி, என்னம்மா இன்னும்!"னு ஒரு சத்தம். அவ டிக் அடிச்சிட்டா. பின்னால சொன்னா, "நேத்து மத்தியானம் நானே போட்ட ஓட்டை, அது எங்க போயிரப் போகுதுன்னு நெனச்சேன் மேஸ்திரி"ன்னு.

ஆமா அண்ணாச்சி. அவ போட்ட ஓட்டைதான்.

எண்ணுனானுவ. பத்து, ஒம்பது, எட்டுன்னு இங்கிலீஷ்ல. ஒரு சத்தம் வந்துது பாருங்க, என் நெஞ்சுக்குள்ள யாரோ கைய விட்டு உலுக்குன மாதிரி. நான் பொய் சொல்லல, என் கையால செஞ்ச சாமான் கடல்ல போயித்தான் பாத்திருக்கேன், மேல போயி பாத்தது இல்ல. நேரா போச்சு. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. உச்சியில போயி ஒரு புள்ளியா நின்னுச்சு. எல்லாரும் குடைக்குப் பாத்துக்கிட்டு இருக்காவ.

குடை வரல.

"விரி, விரி, விரி"ன்னு அந்தப் பிள்ளை முணுமுணுக்கா. அப்புறம் சத்தமாக் கத்துதா. அது பாட்டுக்கு மூக்க கீழ திருப்பிச்சு, வந்துது பாருங்க, ஒரு ஊளைச் சத்தத்தோட. எரநூறு அடி தள்ளி மணலுக்குள்ள குத்திட்டு. மணல் எழும்பி அடங்குன பிறகு பாத்தா ரெக்கை மட்டும் வெளிய தெரியுது.

கரஸ்பாண்டென்ட் விறுவிறுன்னு போயி காருல ஏறிட்டாரு. பையனுவ தலையில கை வச்சு உக்காந்துட்டானுவ. நான் மட்டும் மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடுனேன். தோண்டி வெளிய எடுத்து, துண்டால தொடச்சேன். அண்ணாச்சி, குழாய்ல ஒரு கீறல் இல்ல! ரெக்கையில ஒரு விரிசல் இல்ல! மூக்கு நுனி மட்டும் நசுங்கியிருந்துச்சு, அது அவனுவ வாங்கிட்டு வந்த அலுமினியத் துண்டு. "பாத்தியா பிள்ள, பாத்தியா!"ன்னு நான் சிரிக்கேன். அவ மணல்ல முட்டி போட்டு உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. அப்பம்கூட சொல்லுதா, "தேரி மணலு மேஸ்திரி, மெத்தை மாதிரி. பாறையா இருந்தா தூளாயிருக்கும்"னு. எனக்கு வந்துது பாருங்க கோவம். உடையலைன்னா அதுக்கு மணலு காரணமாம். இவளுக்கு வாயில நல்ல வார்த்தையே வராது.

பத்து நாள் கழிச்சுப் பட்டறைக்கு வந்தா. தனியா. பையில இருந்து ராக்கெட்டோட நடுத்துண்ட மட்டும் எடுத்து மேசையில வச்சா. ஊசியால குத்தி மூணு ஓட்டையையும் தெறந்திருக்கா. ஒரு காகிதத்துல அந்தப் பட்டித் துணுக்க மடிச்சுக் கொண்டுவந்திருக்கா.

"மேஸ்திரி, இது நீங்க அடச்சதா?"

பாருங்க, நான் எப்பவும் என் பட்டியில ஒரு துளி நீலம் கலப்பேன். அஞ்சு வருசம் கழிச்சு ஒரு வள்ளம் பழுதுக்கு வந்தாலும் இது நான் பாத்த எடம், இது வேற எவனோ பாத்த எடம்னு தெரியணும்லா. தூத்துக்குடியில வேற ஒருத்தன் கலக்க மாட்டான். ஒரு மாசம் என் பக்கத்துல நின்னு அந்தப் பட்டிய அவளே கொழச்சிருக்கா. காகிதத்துல நீலமா மினுங்குது.

"எனக்கென்ன தெரியும்? உங்க பையனுவ எவனாவது செஞ்சிருப்பான்"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வாயில வந்துட்டு. வெளிய வள்ளம் வச்சிருக்க சம்மாட்டி ரெண்டு பேரு நிக்காவ, புது வள்ளத்துக்குப் பேச வந்தவுக. ரெமி மேஸ்திரி அடச்ச எடத்தாலதான் சாமான் விழுந்துதுன்னு அவுக காதுல விழணுமா? ஒரு சின்னப்பிள்ளை என் பட்டறையில என்னை நிக்க வச்சு கேள்வி கேக்கா, நான் ஆமான்னு தலைய ஆட்டணுமா?

அவ அந்தக் காகிதத்த மடிச்சு பையில வச்சா. "சரி மேஸ்திரி"ன்னா. போகும்போது நின்னு சொல்லுதா, கோவமே இல்லாம, பாடம் சொல்லுத மாதிரி. "உள்ள ஒரு சின்னப் பெட்டி இருக்கு மேஸ்திரி. உசரம் போகப் போக காத்து கொறையும்லா, அதை வச்சுத்தான் அது எவ்வளவு மேல போயிருக்குன்னு கண்டுபிடிக்கும். உச்சிக்குப் போனதும் குடைய விரிக்கும். அந்த ஓட்டை வழியாத்தான் அதுக்குக் காத்து தெரியும். அடச்சா அது தரையிலயே இருக்கோம்னு நெனச்சிக்கிடும். கடைசி வரைக்கும் அது தரையிலயேதான் இருந்துருக்கு."

சொல்லிட்டுப் போயிட்டா.

இதை ஒரு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஓட்டைக்கு வேலை இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரனா?

சரி, போயி என்னைப் பத்தி அங்க சொல்லுவா, சொல்லட்டும், சண்டை போடலாம்னு நான் தயாரா இருந்தேன். ஒருத்தனும் வரல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பையன் பாக்கி ரெசின் டப்பாவ எடுக்க வந்தான். அவன்தான் சொன்னான். விசாரணை வச்சாவளாம். ஓட்டை அடஞ்சிருந்துது, சோதிக்காம டிக் அடிச்சது என் கவனக்குறைவுன்னு அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாளாம். யாரு அடச்சதுன்னு கேட்டதுக்கு, "பெயின்ட் அடிக்கும்போது அடஞ்சிருக்கும், நான்தான் பாத்திருக்கணும்"ன்னாளாம். கூட்டத்துல இருந்து எடுத்துட்டானுவ. போட்டிக்குப் போகலைன்னாலும் பெங்களூர் கம்பெனி ரெண்டு பேரு கேட்டிருக்காம், அந்தப் பேரு வரிசையில அவ பேரு இல்ல. அவ எடத்துல டாக்டர்கிட்ட ஓடுனானே, அந்தச் சொறியன் பேரு.

எனக்கு எரிஞ்சுது பாருங்க. இவ யாரு எனக்கு விட்டுக் குடுக்க? என்னை மன்னிக்க இவ யாரு? நேரா வந்து, "யோவ், பொய் சொல்லுதீரா"ன்னு என் சட்டையப் பிடிச்சிருந்தா நான் நாலு கத்து கத்திட்டு, ஆமான்னு ஒத்துக்கிட்டிருப்பேன். அதைச் செய்யாம, நல்லவ மாதிரி மடிச்சு பையில வச்சிட்டுப் போயிட்டா. ஏமாளி. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஏமாளிய எந்தக் கம்பெனி எடுக்கும்? போன மாசம் நாலு தடவ போன்ல அவ நம்பர எடுத்தேன். நாலு தடவயும் வச்சுட்டேன். தூக்கம் கெட்டுப்போச்சு. ரெசின் அளவு தப்பி ஒரு மோல்டே வீணாப்போச்சு. எல்லாம் அவளால.

அப்பத்தான் இந்தக் கடிதாசி வருது. 'விண்ணில் இருந்து வீழ்ந்தும் உடையாத ராக்கெட்டை உருவாக்கிய கலைஞருக்குப் பாராட்டு விழா.' தங்கமாரியப்பன் மூளைய பாத்தீங்களா? பறக்கலைன்னு சொன்னா கரஸ்பாண்டென்ட் வேலைய விட்டுத் தூக்கிருவாரு. அதனால உடையலைன்னு சொல்லி விழா எடுக்கான். விழுந்ததே சாதனைன்னு ஆக்கிட்டான். அதுக்கும் ஒரு படிப்பு வேணும்.

நான் முடிவு பண்ணேன். போறேன், மைக்கு தருவானுவல்லா, அங்க வச்சு சொல்லிருதேன். எல்லாரு முன்னாலயும். பேரு வரிசை வார திங்கக்கிழமைதான் கம்பெனிக்குப் போகுதுன்னு, ரெசின் டப்பா எடுக்க வந்த பையன்கிட்ட போன்ல கேட்டுக்கிட்டேன். இன்னும் நேரம் இருக்கு. வெள்ளச் சட்டைய தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன்.

உள்ள போனா, என் ராக்கெட்ட கண்ணாடிப் பெட்டியில நிக்க வச்சிருக்கானுவ. நசுங்குன மூக்க மாத்தி, புதுசா பளபளன்னு பெயின்ட். நடு வயித்த பாத்தேன். ஓட்டையெல்லாம் அடச்சிருக்கானுவ, அதுவும் எங்க தெருவுல ஆட்டோவுக்கு டிங்கரிங் பாக்கவன் அடச்ச மாதிரி மேடும் பள்ளமுமா.

மேடையில எட்டு நாற்காலி. ஏழு பேரு பேசி முடிக்க ரெண்டு மணி நேரம். விஞ்ஞானத்த கரைச்சுக் குடிச்சவனுவ, ஒருத்தனுக்கும் ராக்கெட்டுக்கு எது தலை எது காலுன்னு தெரியாது. அப்புறம் பொன்னாடை. தாம்பாளத்துல வச்சு எடுத்துட்டு வாரா ஒரு பிள்ளை, பட்டுச் சேலை கட்டி, தலை நெறயப் பூவ வச்சு. யாருன்னு பாத்தா இசக்கிப்பிரியா. கூட்டத்துல இருந்து எடுத்தவளுக்குத் தாம்பாளம் பிடிக்கிற வேலை குடுத்திருக்கானுவ. அவ நீட்டுதா, கரஸ்பாண்டென்ட் எடுத்து எனக்குப் போடுதாரு. என்னைப் பாத்து, "வாங்க மேஸ்திரி"ன்னு மெதுவாச் சொன்னா. அவ்வளவுதான்.

மைக்கு கையில வந்துது. எனக்குப் பேசத் தெரியாது அண்ணாச்சி, கோயில் பூசையில பைபிள் வாசகம்கூட வாசிச்சது இல்ல. மரியாதைக்குரிய, மாண்புக்குரிய ஒண்ணும் போடல. "ராக்கெட்டு விழுந்தது என்னால. அந்த மூணு ஓட்டையையும் பட்டி வச்சு அடச்சது நான். அந்தப் பிள்ளை வந்து கேட்டப்ப, இல்லன்னு பொய் சொன்னதும் நான். இசக்கிப்பிரியா மேல ஒரு தப்பும் கெடையாது. அவ பேர மறுபடி எழுதுங்க"ன்னேன்.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

தங்கமாரியப்பன் எந்திரிச்சாரு. என் கையில இருந்து மைக்க வாங்குனாரு. கண்ணு கலங்கியிருக்கு, நடிப்புன்னு சொல்ல முடியாது, நெசமாவே கலங்கியிருக்கு. "மாணவச் செல்வங்களே, பாத்தீங்களா! இதுதான் பெருந்தன்மை. ஒரு மாணவி செஞ்ச தவறை, அவளோட எதிர்காலம் கெட்டுப்போகக் கூடாதுங்கிறதுக்காக, இந்த மாமனிதர் தன் தலைமேல ஏத்துக்கிடுறாரே! இந்தப் பண்பு நம்ம பாடப் புத்தகத்துல இருக்கா?"ன்னான்.

தட்டுனானுவ பாருங்க கை. எந்திரிச்சு நின்னு தட்டுதானுவ.

"சார், நெசமாத்தான் சார் சொல்லுதேன்"ன்னேன். மைக்கு அவன் கையில இருக்கு. முன் வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும், அவுக இன்னும் பலமாத் தட்டுனாவ. "புதுப் பட்டிக்கு அடியில, ஓட்டை ஓரத்துல என் நீலம் இன்னும் ஒட்டியிருக்கும், சொரண்டிப் பாருங்க"ன்னு கண்ணாடிப் பெட்டியக் காட்டுனேன். கரஸ்பாண்டென்ட் என் தோளப் பிடிச்சு உக்கார வச்சாரு. "போதும்யா. உம்ம நல்ல மனசு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு"ன்னாரு. அந்த ஆளு என்னைய நம்பவே இல்ல. எவனும் நம்பல. இத்தன வருசம் வாய்க்கு வந்தபடி பொய் சொல்லியிருக்கேன், எல்லாத்தையும் நம்புனானுவ. ஒரே ஒரு நெசம் சொன்னேன், அதுக்குக் கை தட்டிட்டானுவ.

மேடையோட ஓரத்துல அவ நிக்கா, வெறும் தாம்பாளத்த கக்கத்துல இடுக்கிக்கிட்டு. அவளும் தட்டுதா. என்னையே பாத்துக்கிட்டு, மத்தவங்களோட சேந்து, தட்டுதா.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. விழா முடிஞ்சு கரஸ்பாண்டென்ட் ரூம் வாசல்ல போயி நின்னேன். "ஐயா சாப்பிட்டுப் போகச் சொன்னாரு"ன்னு பியூன் வெளியவே மறிச்சிட்டான். தங்கமாரியப்பன் கையப் பிடிச்சு, "எழுதித் தாரேன் சார், கையெழுத்துப் போட்டுத் தாரேன்"ன்னேன். "ஐயோ, உங்களப் போல மனுசங்க கெடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்"னு சொல்லி என்னைய இழுத்துட்டுப் போயி பந்தியில உக்கார வச்சுட்டான். விளங்காத பய.

இசக்கிப்பிரியாதான் பரிமாறுனா. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, ரச வாளியத் தூக்கிக்கிட்டு வரிசையா வந்தா. என் இலைக்கு முன்னால வந்ததும் நான் கைய நீட்டி மறிச்சேன்.

"நீ எதுக்கு பிள்ள கை தட்டுன? உனக்குத் தெரியும்லா? அவனுவதான் கூறு கெட்டவனுவ, நீ எதுக்குத் தட்டுன?"

அவ கரண்டிய வாளிக்குள்ள விட்டு மெள்ள கலக்குனா. ரெண்டு பக்கமும் பாத்துட்டு, எனக்கு மட்டும் கேக்க மாதிரி சொன்னா.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டுதாவ மேஸ்திரி. நான் மட்டும் சும்மா நின்னா, தப்பையும் செஞ்சுட்டு, காப்பாத்த வந்த மனுசனுக்கு நன்றிகூட இல்லாத பொண்ணுன்னு சொல்ல மாட்டாங்களா?"

என் இலையில ரெண்டு கரண்டி ரசத்த ஊத்திட்டு, பக்கத்து இலைக்குப் போயிட்டா.